வெள்ளாமைக்கு ஒருதரம்

கல்முனை ஆஸ்பத்திரியின் பின்பக்கம்
ஜெனரேட்டருக்கும் நாவல் மரத்துக்கும் நடுவில்
என் அறை.
இங்கே ஆட்கள் முகத்தோடு வருவதில்லை.
மஞ்சள் மூடிக் குழாய்களாக வருவார்கள்,
கழுத்தில் ஓர் இலக்கம்.

பேரின்பம் மட்டும் நேரே வந்து
கதவில் சாய்ந்து நிற்பார்.
வெட்டு மெசின் ஓட்டுகிறவர்.
சம்மாந்துறைக் கண்டங்கள் முழுக்க அவர் சில்லுத் தடம்,
காதுமடலில் எந்நேரமும் நெற்தூசு.

ஏழு வருடம் முந்தி
கோயில் வீதியில் நடந்த இரத்ததானத்தில்
அவர் கொடுத்த பையை மட்டும் ஓரமாக்கினார்கள்.
ஈரலில் குடியிருக்கிற கிருமி, பீ வகை.
பிறக்கும்போதே வந்திருக்கலாம்.
"நான் ஒரு சொட்டும் குடிக்கிறல்ல மிஸ்," என்றார்,
"ஊர் நம்புமா?"

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருக்கால்.
மாதக் கணக்கு அவருக்குச் சரிவராது.
மாரி வெள்ளாமை வெட்டி முடிய ஒரு குழாய்,
கோடை வெள்ளாமை வெட்டி முடிய ஒரு குழாய்.
நாலு. ஐந்து. நாலு. ஆறு.
ஒருமுறை கொழும்பிலிருந்து மருந்து வரவில்லை,
அந்தக் கட்டம் வெறுமை.
மறுகா ஐந்து.

நான் எண்ணுவது ஒரு புரதம்.
கருவில் கிடக்கிற பிள்ளையின் ஈரல்
சுரந்து சுரந்து நிறைக்கிற புரதம்.
பிறந்து ஒரு வயதாகுமுன்
ஈரல் அதை மறந்துவிடும்.
பால்பல் விழுந்தாலும் ஓட்டை தெரியும்,
இதற்கு அதுவும் இல்லை.
வளர்ந்தவர் இரத்தத்தில் அது ஏறினால்
ஈரலின் ஏதோ ஒரு மூலை
தன் வயதை மறந்து
முதலிலிருந்து வளரத் தொடங்கியிருக்கலாம்.

இந்த 'லாம்'தான் என் சம்பளம்.
சில கட்டிகள் மூச்சுக் காட்டாமல் பருக்கும்.
சில வெறும் வீக்கங்கள் ஊரைக் கூட்டும்.

இதைச் சொல்ல நான் சொல் தேடுகையில்
அவர் முந்திவிட்டார்:
"அறக்கொட்டி மாதிரியோ மிஸ்?
வயலுக்குள்ள மஞ்சள் வட்டம் தெரிஞ்சா
மறுகா எண்ணெய் அடிச்சு என்ன வேலை?
அதுக்கு முந்தியே குனிஞ்சு
தூரை விரிச்சுப் பாக்கணும்."

ஓம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

இந்த மாசியில் எனக்கு ஐந்து மாதம்.
புது மருந்துக்கு மெசின் ஒழுங்காக எண்ணுகிறதா பார்க்க
என் கையிலும் ஒரு குழாய் எடுத்து
அவருடையதற்குப் பக்கத்தில் செருகினேன்.
செய்யக்கூடாத வேலை.
பதிவேட்டில் தேடினால் கிடைக்காது.

எண்பத்தொன்று.
எண்பத்துநாலு.

முதலாவது, என் பிள்ளை தன் ஈரலைக் கட்டுகிற கணக்கு.
மற்றதற்குப் பெயரை இரண்டு தரம் பார்த்தேன்.
இலக்கத்தைப் பார்த்தேன்.
மூடியைத் துடைத்து மீண்டும் ஓட்டினேன்.
எண்பத்துமூன்று.
மெசினுக்கு இரண்டும் நனோகிராம்.
ஒன்றுக்குப் பாயாசம் காய்ச்சலாம்,
மற்றதற்கு உடனே டொக்டருக்கு அடிக்கவேண்டும் என்று
அதற்குத் தெரியாது.

அன்று பின்னேரமே ஸ்கான் எடுத்தார்கள்.
வலப்பக்கம், ஒன்று தசம் எட்டு சென்ரிமீற்றர்.
வெளியே மரத்தடியில் மிதிபடுகிற
ஒரு பழத்தளவும் இல்லை.
ஆள் சின்னன், வெட்டி எடுக்கலாம் என்றார் டொக்டர்.

"நோவே இல்லையே," என்றார் பேரின்பம்.
நோகுமட்டும் பார்த்திருந்தால்
என்று தொடங்கி நான் நிறுத்திக்கொண்டேன்.
அவர் கேட்டது வேறு:
"கொழும்பில எத்தின நாள் நிக்கணும்?
மெசினுக்கு லீசிங் காசு கிடக்கு."
போகிறபோது கதவில் திரும்பி,
"மறுகா எப்ப வரணும்?"

கோடை வெட்டு நேரம் நான் லீவில்.
அவர் குழாயை வேறு யாரோ செருகுவார்கள்.
ஆவணிக்குள் எங்கள் இரண்டு எண்ணும்
இறங்கியிருக்கவேண்டும்,
என்னுடையது தானாக,
அவருடையது கத்தியால்.

அவர் பெயருக்கு நேரே
அடுத்த கட்டத்தைப் பென்சிலால் கீறி வைத்தேன்.
உள்ளே ஒன்றும் எழுதவில்லை.