ஓட்டம் நின்ற இரண்டு நிமிடம்

நகச்சுத்தி வந்த வலக்கை விரலில்
எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு
ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.
பெர்ன் நகரத்து ட்ராமில் ஒரு குழந்தை
இறங்கும்வரை என் விரலையே பார்த்தது.
கையுறை ஏறவில்லை.
ஊர்சினா பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இன்றைக்கு உன் இரத்தம் வேண்டாம்,
உன் அணுக்களுக்கு வேறு வேலை இருக்கிறது."
தன் சட்டைக்கையைச் சுருட்டினாள்.

பத்து மில்லி.
சிவப்பெல்லாம் அடியில் இறங்க
வெள்ளையை மட்டும் பிரித்தெடுத்து
கண்ணாடியில் வெட்டிய வாய்க்காலில் விட்டோம்.
பம்பு முனகியது.

வந்தன.
ஒன்று, பிறகு மூன்று, பிறகு எண்ணமுடியாமல்.
தரையில் நாங்கள் பூசிவைத்த புரதம்
ஒரு பொய்:
இங்கே நாளம் அழன்றிருக்கிறது,
இங்கே காயம், இங்கே இறங்கு.
ஓடி வந்தவை அதில் இடறின.
நிற்கவில்லை, உருண்டன.
பின்னால் பிடித்ததை விட்டு
முன்னால் ஒன்றைப் பற்றி,
விட்டு, பற்றி,
புதுத் தெருவில் வீடு தேடுகிறவன்
கதவு எண்களைப் படித்துக்கொண்டே நடப்பதுபோல.

ஒன்று நின்றது. சப்பையாகி அப்பிக்கொண்டது.
அதன்மேல் மோதிய இன்னொன்று
சுவரைத் தொடவே இல்லை,
அதன் தோளைப் பிடித்தது.
தோள் என்றா எழுதுவது?
'அணுவோடு அணு' என்று
இடக்கையால் கோணலாக எழுதிவைத்தேன்.
எழுதி முடிப்பதற்குள் மூன்றாவது, நான்காவது,
ஓட்டத்தின் திசையில் ஒரு சரம்.

போன ஆகஸ்டில் ஆரே ஆற்றில்
ஐஹோல்ட்ஸ் கரையில் குதித்தேன்.
பனி கரைந்த பச்சைத் தண்ணீர்.
மார்ட்சிலியில் ஏறிவிட வேண்டும்,
அதற்கென்று படிதோறும் சிவப்புக் கம்பி.
எல்லாவற்றையும் தவறவிட்டால் கீழே தடுப்பணை.
முதல் கம்பி எட்டவில்லை.
இரண்டாவது விரலில் பட்டு வழுக்கியது.
மூன்றாவதில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர்
கையை நீட்டினார்.
பிடித்த அதே நொடி
என் கணுக்காலை யாரோ ஒரு பையன் பிடித்தான்.
கம்பி ஒன்று, ஆட்கள் மூவர்,
ஆறு எங்களை ஒரே கோடாக இழுத்தது.
இழுக்க இழுக்கப் பிடி இறுகியது.

படியேறியதும் "மெர்சி", "மெர்சி".
மூவரும் மூன்று துவாலைகளை நோக்கி நடந்தோம்.
அவர் வழுக்கையா, கண்ணாடி போட்டிருந்தாரா,
எதுவும் நினைவில்லை.

நாலு பதினேழுக்குக் குழாயில் காற்றுக்குமிழி.
ஊர்சினா பம்பை நிறுத்தினாள்.
இனிச் சாவகாசமாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன்.
படித்திருக்கிறேன்,
படித்தும் அப்படித்தான் நினைத்தேன்.
உருண்டுகொண்டிருந்தவை
ஒவ்வொன்றாகக் கைவிட்டன.
சரம் அவிழ்ந்தது.
முன்பே அப்பிக்கொண்ட சில மட்டும் கிடந்தன.
மற்றவை அசையாத தண்ணீரில்
முன்பின் தெரியாதவர்களாய் மிதந்தன.

"இழுத்தால்தான் அந்தக் கொக்கி மாட்டும்,"
குழாயைச் சுண்டியபடி சொன்னாள்,
"சும்மா விட்டால் கழன்றுவிடும்."
ஊசி குத்திய இடத்துப் பஞ்சை
உருட்டித் தொட்டியில் எறிந்தாள்.

என் விரல் விண்விண்ணென்று தெறித்தது.
பழத்துக்குள்ளே, நகக்கண்ணின் ஓரத்தில்,
எத்தனை லட்சம் இப்போது
ஒன்றை ஒன்று பிடித்திழுத்து
சுவரிடுக்கில் பிதுங்கி வெளியேறி
கிருமியைத் தின்று
தின்ற இடத்திலேயே செத்துத் திரள்கின்றனவோ.
நாளைக்குச் சீழ் என்று முகம் சுளித்துத் துடைப்பேன்.
எனக்காகத்தான் என்று சொல்லமாட்டேன்,
அவற்றுக்கு என்னைத் தெரியாது.

பம்பு மறுபடி முனகியது.
திரையின் ஓரத்தில் ஒன்று தடுக்கி விழுந்தது.
எழுதினேன்:
4.17 முதல் 4.19 வரை ஓட்டம் இல்லை,
கணக்கில் சேர்க்க வேண்டாம்.
எலுமிச்சம்பழம் சூடாகியிருந்தது.