காலி செய்த முகவரி

பிப்ரவரி. ஹீயுமா தீவின் துறையில்
படகின் சாய்தளம்
யாரும் கேட்காமலே பதினோரு பாகை இறங்கியது.
ரொட்டி வண்டியின் பின்கதவு திறந்து
கம்பு ரொட்டிகள் ஒவ்வொன்றாய்
பனித்துண்டுகள் மிதக்கும் பால்டிக் நீரில் விழுந்தன.
ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை. அன்னங்களுக்கு விருந்து.

பதினோரு பாகை எங்கிருந்து வந்தது?
லீவிகா மூன்று இரவு தேடினாள்.
கோணம் குடியிருந்த இடத்தை
நிரல் எப்போதோ விடுவித்துவிட்டது.
விடுவித்தது என்றால் அழித்தது என்று பொருளில்லை;
சாவியைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவே.
அந்த அறைக்கு வெப்பமானி குடிவந்தது,
வெளியே மைனஸ் பதினொன்று என்று எழுதிவைத்தது.
பழைய சுட்டி அதே கதவைத் தட்டி
எண்ணை வாங்கிக்கொண்டு போனது.
எண்ணுக்கு முகமில்லை.
குளிரா சாய்வா என்று அது சொல்வதில்லை.

சுட்டி.
தமிழில் அடங்காத பிள்ளைக்கும் அதுதான் பெயர்.
அ என்றால் அங்கே, இ என்றால் இங்கே.
நடுவில் உ என்று ஒன்றும் உண்டு,
பேச்சில் பலர் அதை உதிர்த்துவிட்டார்கள்.
லீவிகாவின் பிழை அந்த உ-வில் இருந்தது.

நிரலை இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய உர்மாஸ்
காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:
"மொழி தவறுவதில்லை. கைதான் தவறும்."
"கை விறைக்கும்" என்றாள்.
"விறைத்த கைக்கும் ஒரு மொழி வேண்டாமா?"

அவள் தொடங்கிய மொழியில்
ஒரு பொருளுக்கு ஒரே உடையவர்.
இரவல் வாங்கலாம்,
உடையவர் கிளம்புமுன் திருப்பித் தந்துவிட வேண்டும்.
கம்பைலர் கணக்குப்பிள்ளை மாதிரி
வாசலிலேயே மறித்துக் கேட்கும்.
முதல் நாள் அவளையே மறித்தது:
நாற்பத்தொரு பிழை.
நாற்பது அதன் தவறு, ஒன்று அவளுடையது.
அந்த ஒன்றைப் பார்த்ததும்
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.
அதே சாய்தளம். அதே வெப்பமானி. இம்முறை அவள் கையால்.

ஆனாலும் மோட்டாரைத் தொட
ஏதோ ஓர் இடத்தில்
வெறும் எண்ணை முகவரி என்று நம்பித்தான் ஆகவேண்டும்.
இரும்புக்கு இலக்கணம் தெரியாது.
அந்தப் பின்வாசலுக்கு என்ன சொல் வைப்பது?
'ஆபத்து' என்றால் இரண்டே வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.
"என் பெயரை வை" என்றார் உர்மாஸ்,
"கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவதென்று தெரியுமே."
சிரிப்பதற்காகத்தான் சொன்னார்.

அவள் வைத்துவிட்டாள்.
மொத்த நிரலில் 'உர்மாஸ்' ஏழு இடத்தில் வருகிறது.
ஏழையும் அவர் கண்ணாடி மாற்றிக்கொண்டு படித்தார்.
ஐந்தாவதில் வெகுநேரம் நின்றார்.
வெளியே ஏழரைப் படகுக்குக் காத்திருந்தது ரொட்டி வண்டி,
பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு.