என்பாரும் உளர்

டிசம்பர். முனிர்க்காவில் நாலாம் மாடி.
மூடுபனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது
வாடகைக்கு வந்த ஆள் மாதிரி.
ஹீட்டரில் இரண்டு கம்பி; ஒன்றுதான் சிவக்கிறது.
ஓலை தெற்கே ஏதோ ஒரு மடத்தின் அலமாரியில்.
என் திரையில் இருப்பது
அதன்மேல் ஒருநாள் பட்ட வெளிச்சம்.

உரைகாரர் பெயர் தெரியவில்லை. கோபம் தெரிகிறது.
பதினோரு ஏடு ஒருவனையே மறுக்கிறார்.
அவனுக்கும் பெயரில்லை.
'என்பாரும் உளர்' என்று உள்ளே விடுகிறார்,
'அது பொருந்தாது' என்று கதவைச் சாத்துகிறார்.
நடுவில் அவன் பேசக் கிடைத்தது ஒரு வரி.
அதிலும் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு சொல்.

எழுதிய கைக்குக் குறிலுக்கும் நெடிலுக்கும்
ஒரே கொம்பு.

பொது இலை என்கிறானா?
இந்தப் பசு உண்டு, அந்தப் பசு உண்டு,
பசுத்தன்மை என்று ஒன்று தனியே மேய்ந்து
யாரும் பார்த்ததில்லை என்கிறானா?
போது இலை என்கிறானா?
ஆறு ஓடுகிறது, சரி,
ஓட்டத்துக்கு அப்பால் காலம் என்று
எதைக் கையில் அள்ளினீர்கள் என்கிறானா?
(போது என்றால் மொட்டும்தான்.
மொட்டு இல்லை என்றவனை
யாரும் பதினோரு ஏடு திட்டமாட்டார்கள்.)
உரைகாரரின் வசவு இரண்டுக்கும்
அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

மூன்று வருடமாக
ஒரு கொம்பின் கீழ் குடியிருக்கிறேன்.

மஜ்னு கா டில்லாவிலிருந்து நோர்சின் வந்தாள்.
அவளுடைய திபெத்திய ஏட்டிலும் ஒருவர்
இதே ஆளைத் திட்டுகிறார் போலிருக்கிறது.
அவள் மொழியில் பொதுவுக்கு ஒரு சொல்,
காலத்துக்கு ஒட்டே இல்லாத இன்னொன்று.
கேன்டீன் மேஜையில் டீயைத் தள்ளிவைத்துவிட்டு
விரலோட்டி வாசித்தாள்: 'வேறு சிலர் சொல்வதாவது'
நிறுத்தினாள்.
படம் எடுத்தவன் தாள் சுருளாமலிருக்க
அழுத்திய கட்டைவிரல்
சரியாக அந்தச் சொல்லின் மேல்.
நகத்து அழுக்கு வரை துல்லியமாக விழுந்திருந்தது.
சிரித்தோம். பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

வீட்டுக்கார டோகஸ் அம்மாளுக்கு
நானும் மத்ராசி, இரண்டாம் மாடிக் கோட்டயத்து நர்ஸும் மத்ராசி,
மொட்டைமாடி அறையின் கன்னடப் பையனும் மத்ராசி.
தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை வரும் காலைகளில்
பொது இலை என்றே எனக்குப் படிக்கத் தோன்றும்.

பேராசிரியர் லாஹிரி கண்ணாடியைக் கழற்றினார்.
'ஒன்றை மேலே போடு, மற்றதை அடிக்குறிப்பில் போடு.
பதினைந்தாம் தேதி கடைசி.
டைம் நஹி ஹை.'
எழுநூறு வருடம் கழித்து
அவன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.
அவருக்குத்தான் தெரியாது.

மேலே எதைப் போடுவது?
ஏடு எழுதியவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.
எழுத்தாணியை ஒரு சுழற்று, அடுத்த எழுத்துக்குப் போய்விட்டான்.
என் விசைப்பலகையில் குறிலுக்கு ஒரு விசை, நெடிலுக்கு ஒன்று.
இரண்டுமான எழுத்துக்கு விசை இல்லை.

பேர் சராயில் பைண்டிங் கடை.
ஐந்து பிரதி. நூற்று முப்பத்திரண்டாம் பக்கத்தில்
ஒரு சொல்லளவு வெற்றிடம்.
'மேடம், இங்கே ஏதோ விட்டுப்போச்சே' என்றான் பையன்.
அவன் கவுன்ட்டரிலேயே பேனா வாங்கி
ஏட்டில் கண்டபடி வரைந்தேன்,
கொம்பு, ப, கால், து.
கீழே குறிப்பு ஏற்கெனவே இருந்தது: முடிவு செய்யப்படவில்லை.

ஐந்தாவது பிரதியில்
தாள் ஈரமோ, என் கை குளிரோ,
மை கொஞ்சம் இழுத்துக்கொண்டது. கொம்பில் இன்னொரு சுழி.
அதுதான் நூலகத்துக்குப் போகிறது.
பின்னால் யாராவது அதை மட்டும் பார்த்து
நெடில் என்று நான் கொண்டதாக எழுதலாம்,
என்பாரும் உளர் என்று என்னை உள்ளே விட்டு
அது பொருந்தாது என்று
சாத்தலாம்.