இதர குறிப்புகள்

தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும்.
எலும்புக்கு ஆகாது.
விலா எலும்பை வெல்லம் போலக் கரைத்துவிடும்
என்று கோத்தகிரி மண்ணைப் பற்றி
வகுப்பில் சொல்வேன்.

தடுப்புச்சுவருக்குத் தோண்டியவர்கள்
மண்டையைக் கண்டதும் போட்டுவிட்டு ஓடிய மண்வெட்டி
இன்னும் அங்கேயே குத்தி நின்றது.
சில்வர் ஓக் வேரொன்று
முதுகெலும்பின் துளைகளுக்குள் நுழைந்து
ஒன்பது கணுக்களை
வரிசை கலையாமல் கோத்து வைத்திருந்தது.
வேருக்கு நன்றி சொன்னேன், சத்தமாகவே.
எஸ்.ஐ. பெள்ளிராஜ் திரும்பிப் பார்த்தார்.

"தொடையில கத்தி வெட்டு, மேடம்."
கத்தியில்லை. முள்ளம்பன்றி.
சுண்ணாம்புச் சத்துக்கு ராத்திரியில் வந்து கொறிக்கும்;
சீப்பு இழுத்ததுபோல் இணைகோடுகள்.
"ஆம்பளைதானே?"
இடுப்பெலும்பைத் திருப்பிக் காட்டினேன்.
பள்ளம் அகலம்.
அவர் பேனாவை மூடி, மறுபடி திறந்து,
எழுதியதை அடித்தார்.

மூன்று நாள் சல்லடை.
மழை, அட்டை, ஆறிப்போன டீ.
இருநூற்று ஆறில் நூற்று நாற்பத்தொன்று.
விரல்களில் பாதி கிடைக்கவில்லை.
கிடைத்ததெல்லாம் டிக்காஷன் நிறம்.

கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.
நாற்பது வயதுப் பல், அறுபது வயதுக் கழுத்து.
பச்சை இலைக் கூடையை
நெற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு
மேடேறியவர்களுக்கு மட்டும் இப்படித் தேயும்.
இடது மணிக்கட்டு முறிந்து,
கோணலாகவே ஒட்டியிருந்தது.

எஸ்டேட் கம்பவுண்டரின் பதிவேட்டில், கரையான் விட்டுவைத்த பக்கத்தில்:
பரிபூரணம், ஏழாம் நம்பர் காடு.
வழுக்கி விழுந்தது. மணிக்கட்டு இடது.
மூன்று நாள், சம்பளமில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய
காணாமல் போன புகாரில் ஒரே வரி:
யாருடனோ சென்றுவிட்டதாகத் தெரிகிறது.

தெரிகிறது.

தவமலர் குன்னூரில் வர்க்கி சுடுகிற பேக்கரியிலிருந்து
அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள்.
ரத்தமெடுக்க நீட்டிய முழங்கையில் மைதா.
சென்னையிலிருந்து பதில் வர நாலு மாதமாகும்,
அதுவரை எதுவும் உறுதியில்லை என்றேன்.
தலையாட்டினாள்.
ஓடிப்போனவ மகள் என்றுதான்
லயத்தில் தன்னைக் கூப்பிடுவார்கள் என்றாள்,
முகவரி சொல்வதுபோல.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எங்க வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

டேப் பிடித்து அளந்திருந்தேன்.
நானூற்றுப் பத்து மீட்டர்.

"வெறகு பொறுக்குற தூரம்," என்றாள்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
வெளியே போய் நின்றுகொண்டாள்.

அறிக்கையில் பாலினத்துக்குக் கட்டம் உண்டு.
வயதுக்கு உண்டு. உயரத்துக்கு,
ஐந்து சென்டிமீட்டர் முன்பின், உண்டு.
ஓடவில்லை என்பதற்குக் கட்டமில்லை.

இதர குறிப்புகளில் எழுதினேன்:
லயத்திலிருந்து நானூற்றுப் பத்து மீட்டர்.
எலும்புகளோடு கிடைத்தவை:
அரிவாள், பிடி இற்றது, ஒன்று.
நைலான் கயிறு, சுருட்டியபடி, அவிழ்க்கப்படாமல்.