ஒரு ஓமர் அளவு

பாரிமுனையில் எனக்குப் பெட்டிகளின் எடை எழுதும் வேலை.
பெட்டி என்றால் நாற்பதடி இரும்பு.
சரக்கோடு ஓர் எடை, வெறுமையாய் ஓர் எடை,
கழித்து எழுதினால் சம்பளம்.
அதனால்
சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று
டாக்டர் சொன்ன சாயங்காலமே
ரிச்சி தெருவில் ஒரு சமையல் தராசு வாங்கி வந்தபோது
வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

இட்லி ஒன்று, அறுபது.
தேங்காய்ச் சட்னி இரண்டு கரண்டி, எண்பத்தைந்து.
மின்சார ரயிலில் எதிர் இருக்கைப் பெண் நீட்டிய முறுக்கை
விரல் நடுவே பிடித்துக்கொண்டு
ராயபுரம் தொடங்கி வியாசர்பாடிவரை
போனில் அதன் எண்ணைத் தேடினேன்.
கண்டுபிடித்து நிமிர்ந்தால்
அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

பதினோரு வாரம், நான்கரை கிலோ.
பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தது.
கல்யாண மோதிரம் தானாகக் கழன்ற காலையில்
ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன்.
அப்புறம் ஓர் இரவு
மீதி நாற்பது என்றது திரை.
நாற்பதுக்கு என்ன தின்னலாம் என்று
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றேன்,
பசியே இல்லாமல்.

பாடகர் குழுவில் என் பக்கத்தில் ஆல்ட்டோ பாடும் மெர்சலின்
தராசைத் தூக்கிப் போடு என்றாள்.
உடம்பைப் படைத்தவர்
அதற்குப் பேச்சு வைக்காமலா படைத்தார்?
பசித்தால் உட்கார், நிறைந்தால் எழுந்திரு.

கேட்டுப் பார்த்தேன்.
என் உடம்புக்கு ஒரு வாய் இல்லை.
ஒன்று மேனேஜர் கத்துகிற நாளில் மட்டும் பசித்தது.
ஒன்று பெரியமேட்டில் பிரியாணி அண்டா மூடி திறக்கும் சத்தத்துக்கு
எழுந்து உட்கார்ந்தது.
ஒன்று ஹாஸ்டல் வார்டன் குரலில்
தட்டில் ஒரு பருக்கை இருக்கக்கூடாது என்றது.
இதில் எது அவர் வைத்த வாய்?
ஐந்தாவது வாரம் இரண்டு கிலோ திரும்பி வந்தது,
வாடகை பாக்கிக்கு வருகிறவரைப் போல
செருப்பைக் கழற்றாமல் உள்ளே.

மறுபடி தராசு.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து.
முழங்காலிட்டுக் கைகளைக் குவித்து நீட்டியிருந்தேன்.
ஆயர் எட்டுப் பேர் தள்ளி வந்துகொண்டிருந்தார்.
எட்டுப் பேர் தூரத்தில் மனசு கேட்டுவிட்டது:
அது எத்தனை?
முந்தின இரவே தேடியிருந்தேன், சொல்ல வெட்கம்தான்.
அப்பம் என்று அடித்தால்
ஆப்பத்தைக் காட்டியது செயலி.
ஒன்று, தேங்காய்ப்பாலுடன், இருநூற்றுப் பத்து.

அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது.
ஆயர் பார்த்தார். மெர்சலின் எனக்காக இருமினாள்.
உள்ளங்கையில் விழுந்தது,
விழுந்ததே தெரியவில்லை.
கப்பலின் எடையைக் கழிக்கத் தெரிந்த எனக்கு
இதை எதிலிருந்து கழிப்பதென்று விளங்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது.
டவுட்டனில் தேங்கிய தண்ணீரைத்
தாண்டித் தாண்டி நடக்கையில் மன்னாவை நினைத்தேன்.
அதுவும் அளந்ததுதான், தலைக்கு ஓர் ஓமர்.
அளந்துகொள் என்றவரே
நாளைக்கு வைக்காதே என்றும் சொன்னார்.
வைத்ததில் புழு நெளிந்தது.
என் மீதி நாற்பதுகள்,
நேற்றைய அதிகப்படி,
இன்னும் கழித்து முடிக்காத அந்த முறுக்கு:
மூடியைத் திறந்தால் வாடை.

தராசை எறியவில்லை.
மார்ச்சில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.
சோற்றை நிறுக்கிறேன், அதையும் வீட்டில் மட்டும்.
மற்ற நேரத்தில்
வாய்களுக்குள் மெல்லப் பேசுகிற ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன்.
அது பேசாத நாட்களும் உண்டு.
முன்பெல்லாம் எண்ணை ஏற்றிவிட்டுத்தான் கண் மூடுவேன்.
இப்போது ஜெபம் முதலில்.
சில நாள் ஆமெனுக்குப் பின் எண் ஞாபகம் வரும்,
சில நாள் கை கழுவிய பின்.

நேற்று ரயிலில் அந்தப் பெண் மறுபடி.
இம்முறை சீடை.
பேசின் பிரிட்ஜில் வண்டி வழக்கம்போல் நின்றுவிட்டது.
பெயர் கேட்டேன்.
அம்சவேணி என்றாள்.
சீடையில் உப்பு கொஞ்சம் கூட.