கரைவு

முன்பக்கத்திலிருந்து எழுதினால் ஐஸ்:
எத்தனை பார், எந்தப் படகு, யார் கடன்.
நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதினால் ஹாக்கி.
இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் வருடம்
புது நோட்டு வாங்குவேன்.

மண்டபம் ஐஸ் கம்பெனி அணி
எழுபத்திரண்டில் தொடங்கியதாகப் பேனரில் போடுகிறார்கள்.
தவறு. எழுபத்து மூன்று, ஆனி.
மாற்றலாகிப் போன ரயில்வேக்காரர் ஒருவர்
ஐஸ் பாக்கிக்கு ஈடாக ஏழு மட்டைகளைக் கொடுத்துப் போனார்.
மீதி நாலையும் உடைமரத்தில் செதுக்கித் தந்தவர்
படகு ஆசாரி வேதமாணிக்கம்.
கனம் அதிகம்.
அதில் அடிபட்டவர்கள் இன்னும் ஊரில் நடக்கிறார்கள்,
கொஞ்சம் சாய்ந்து.

கோல்கீப்பர் சூசைமரியானுக்குக் காலில் கட்ட
மீன்பெட்டித் தெர்மாகோல்.
பந்து பட்டால் பொரிபொரியாய்ப் பறக்கும்.
இடைவேளையில் எதிரணிப் பையன்கள் பொறுக்கித் தருவார்கள்.

மைதானம், கடல் பின்வாங்கின களர்.
பங்குனியில் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கும்.
பட்டாளத்திலிருந்து வந்த களஞ்சியம் சொல்வார்:
வடக்கே ஏரி உறைந்துபோகும்,
அதன்மேல் வழுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடுவார்கள் என்று.
நாங்கள் நம்பவில்லை.
நாளெல்லாம் ஐஸ்மேல் நின்று
ஒரு பாரை நேராக நகர்த்தப் படும் பாடு
எங்களுக்குத் தெரியும்.

எண்பத்தைந்தில் ஆறு ஆட்டம். ஆறும் தோல்வி.
பாதிப்பேர் முகாமில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.
மறுவருடம் அதே முகாமிலிருந்து சிவபாலன் வந்தான்.
இடது விங். பதினோரு கோல்.
ஒரு சாயங்காலம் மட்டையைத் துடைத்துச்
சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போனான்.
எங்கே என்று எழுத
என் நோட்டில் கட்டம் இல்லை.

தொண்ணூறில் முதலாளி இறந்தார்.
மகன், 'ஹாக்கியா, அதில் என்ன வருமானம்?' என்றான்.
சோடாச் செலவை அதன்பிறகு
அம்மோனியாக் கணக்கில் எழுதினேன்.

இனி, தொண்ணூற்று நாலு.

இந்த அணி வாங்கிய ஒரே கோப்பை.
தொண்டிக்காரர்களோடு இறுதி ஆட்டம். கச்சான் அள்ளி வீசுகிறது.
கோல் கம்பத்தில் கட்டியிருந்தது நம்புராஜன் வீட்டுப் பழைய வலை,
பக்கவாட்டில் ஒரு முழம் கிழிசல்.
கடைசி நிமிடம் பாதுஷா அடித்த பந்து
கம்பத்துக்கு வெளியே போய்
கிழிசல் வழியாக உள்ளே விழுந்தது.
நடுவர் கண்ணில் மணல்.
கசக்கிக்கொண்டே மேசைப்பக்கம் திரும்பினார்.
மேசையில் நான்.
நான் பார்த்தேன்.
அங்கே இருந்த எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தேன்.

'உள்ளே' என்றேன்.

பொய்யும் இல்லை. பந்து உள்ளேதான் கிடந்தது.

தொண்டி கோல்கீப்பர் சீனி அகமது
கிழிசலில் கைவிட்டுக் காட்டினார்.
யார் பார்த்தார்கள்? பாதுஷா தோள்களின்மேல் இருந்தான்.

இப்போது தடைக்காலத்தில் மட்டும் ஆட்டம்.
படகெல்லாம் கரையில், ஆட்களும் கரையில்.
ஏழு பேர் சேர்ந்தால் ஏழு பேரோடு.
கம்பெனி நண்டு கம்பெனியாகிவிட்டது.
பேர் மட்டும் ஐஸ்.
கோப்பை என் மேசையில்தான்,
ரப்பர் வளையம் போட்டுவைக்கிறேன்.

சீனி அகமது இப்போது மீன் லாரி வைத்திருக்கிறார்.
வாரம் இருமுறை வருவார், பன்னிரண்டு பார்.
கேட்டதில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.
கோப்பையைப் பார்த்தபடி கையெழுத்துப் போடுவார்.

பதிமூன்று ஏற்றிவிடுவேன்.
அவர் எண்ணுவதில்லை, அல்லது
எண்ணிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.
லாரி நகர்ந்தபின்
முன்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்:
கரைவு, ஒரு பார்.