கார்டு செருகப்படவில்லை

ராஸிலிருந்து ஹோகிட்டிகாவுக்கு
இருபத்தேழு கிலோமீட்டர்.
ஒரே சார்ஜில் ஐம்பத்திரண்டு ஓடுவேன் என்று
யோக்கஹாமாவில் யாருக்கோ வாக்குக் கொடுத்த வண்டி
பன்னிரண்டாம் வயதில், நைரியிடம்,
இருபத்துமூன்றில் கையை விரிக்கிறது.
மிச்சம் நான்குக்கு
பெட்ரோல் எஞ்சின் எழுந்துகொள்கிறது,
இரவுப்பணி முடித்துப் படுத்தவனை
உலுக்கி எழுப்பியதுபோல.

முதியோர் இல்லத்தில் படுக்கைவிரிப்பு வெளுக்கிறவள்.
ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாள்.
“எவ்வளவு ஆகும், ஸ்ட்ருவன்?
சுற்றி வளைக்காமல் சொல்.”

சுற்றி வளைக்காமல் சொல்ல
இந்த வண்டியில் எதுவும் நேராக இல்லை.

பிரேக்கையே எடுத்துக்கொள்.
மோட்டாரே வேகத்தைத் தின்று
மின்சாரமாக்கிக்கொள்வதால்
பிரேக்குக்கு வேலையில்லை.
வேலையில்லாத இரும்பை
எங்கள் மேற்குக்கரை மழை விடுமா?
தேய்ந்து போகவேண்டிய தட்டு
தேயாமலே துருவேறிப் போனது.
நான்கு சக்கரத்துக்கும் எழுநூற்று எண்பது டாலர்.

சார்ஜ் மூடி திறக்கவில்லை.
மீன்பிடி நரம்பைக் கட்டி
உள்ளிருந்து இழுக்கிறாள் இத்தனை நாளும்.
இருநூற்று அறுபத்தைந்து.

ஹீட்டர் போட்டால் எஞ்சின் ஓடும்.
அது கோளாறில்லை, அதன் பிறவிக்குணம்.
கம்பளிக் கையுறை வாங்கிக்கொள்.

பிறகு அந்தச் சின்ன பாட்டரி.
தரைக்கடியில் இரண்டு டன்னை இழுக்கும் பாட்டரி இருந்தும்
மூலையில் கிடக்கும் இந்தப் பன்னிரண்டு வோல்ட்
செத்துப்போனால் கதவுகூடத் திறக்காது.
முந்நூற்றுத் தொண்ணூறு.
இதற்குமட்டும் பேரம் பேசாதே.

பெரியதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
எண்பது செல்.
விபத்து வண்டியிலிருந்து கழற்றியது
ஒன்பதாயிரத்து நானூறு.
புதிதென்றால் பதினேழாயிரம்,
கப்பலில் வர ஐந்து மாதம்.
அவள் வண்டியை வாங்கியதே பன்னிரண்டரை ஆயிரத்துக்கு,
தவணை இன்னும் முப்பத்தெட்டு பாக்கி.

“கிரைஸ்ட்சர்ச்சில் விற்றவன் சொன்னான்,
ஜப்பான்காரர்கள் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்களாம்.”

பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார்கள்.
இருக்கையில் ஒரு கீறலில்லை.
செல்லுக்குள் யார் எட்டிப் பார்த்தது?

சாவியைத் திருகினேன்.
ஒரு பெண்குரல், ஜப்பானியத்தில்,
தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு வாக்கியம்.
“தினம் காலையில் வணக்கம் சொல்வாள்.
நானும் மொரேனா என்பேன்” என்றாள் நைரி.

சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்திருந்தாள் சயோ,
பச்சைக்கல் கடையில் நிற்கிற பெண்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:
“வணக்கமில்லை.
கார்டு செருகப்படவில்லை.
அவ்வளவுதான் சொல்கிறது.
சுங்கச்சாவடிக் கார்டு.”

எங்கள் தீவில் சுங்கச்சாவடியே கிடையாது.

நைரி கொஞ்சநேரம் பேசவில்லை.
மழை தகரத்தில் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு தாளை வாங்கி
பிரேக், மூடி, சின்ன பாட்டரி
மூன்றுக்கும் டிக் போட்டாள்.
ஒன்பதாயிரத்து நானூறின் மேல்
பேனாவை வைத்து எடுத்தாள். அடிக்கவில்லை.
“அந்த நாலு கிலோமீட்டரைப் பெட்ரோலில் போகிறேன்.
ஒன்பதாயிரத்துக்கு எத்தனை வருஷம் நாலு கிலோமீட்டர்?”

கணக்குப் போட்டேன்.
நாங்கள் இரண்டு பேரும் இருக்கமாட்டோம்.

“கார்டுப் பெட்டியைக் கழற்றிவிடட்டுமா?
இரண்டு திருகுதான். காசு வேண்டாம்.”

“இருக்கட்டும்.
கிடைக்காதென்று தெரிந்தும்
குரலை உயர்த்தாமல் கேட்கிறாள்.
வீட்டில் எவரும் என்னிடம்
அப்படி எதையும் கேட்டதில்லை.”

வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போனாள்.
சத்தமில்லாமல் வாசலைத் தாண்டியது.
ராஸுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில்
உறுமும்.

பில்லில் ‘ராத்திரி ஏற்றிய மின்சாரம்’ என்று
ஒரு வரி எழுதி
எதிரே தொகை போடாமல் விட்டேன்.
பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம்.
பிரேக்குத் தட்டில் எனக்கு நின்றது
அதைவிட அதிகம்.